ஏலக்குன்றனாரின் மழை

டீ ஆறிவிடும், முதலில் குடியுங்கள். இந்தக் கடையில் ஏலக்காயைத் தட்டித்தான் போடுவான். போடியில் அதற்கு மட்டும் கஞ்சத்தனம் கிடையாது. மதுரையிலிருந்து அந்த ரயிலில் இடிபட்டு வந்திருக்கிறீர்கள், பாவம். பல்கலைக்கழகம் உங்களை எதற்கு அனுப்பியது என்று எனக்குத் தெரியும். ஏலக்குன்றனார் பாடல்களின் மூலநூல் எங்கே என்று கேட்கப் போகிறீர்கள். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மறைக்க ஒன்றுமில்லை.

என் பெயர் காசிராஜன். கீழே ஏலக்காய்க் கடை, மேலே எங்கள் மலையரசி டுடோரியல். எழுபத்தைந்திலிருந்து, தபால் வழியில் பி.ஏ. தமிழ் படிக்கிறவர்களுக்குச் செய்யுளும் நாடகமும் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. மண்டிக் குமாஸ்தா, பஸ் கண்டக்டர், எஸ்டேட் ஆள் என்று வாரமெல்லாம் சோலி பார்த்துக் களைத்த ஜனங்கள் வந்து உட்காருவார்கள். கவிதை நயத்தில் உருகி நிற்க அவர்களுக்கு ஏது நேரம்? பாஸாக வேண்டும், அவ்வளவுதான்.

பாஸாகிற வழியை நான் ஏலக்காயை ஏலம் விடுகிற மையத்தில் கற்றுக்கொண்டேன். அங்கே எந்த வியாபாரியும் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. தட்டில் வருகிற மாதிரிக் காயில் ஒரு கை அள்ளுவார், மோந்து பார்ப்பார், தரையில் வீசிவிட்டு விலையைச் சொல்வார். விடைத்தாள் திருத்துகிறவரும் அதே ஜாதிதான் ஐயா. அவர் அள்ளிப் பார்க்கிற அந்த ஒரு கைதான் மேற்கோள். பக்கத்துக்கு ஒரு செய்யுள், அடியில் பச்சை மையில் கோடு, மார்க் தானாக விழும். பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு நாள், அப்போது மண்டியில் குமாஸ்தாவாக இருந்த மொக்கச்சாமி எழுந்து, "பிரிவுத் துயருக்கு ஒரு பாட்டு குடுங்க சார். சின்னதா, மண்டையில நிக்கிற மாதிரி" என்றான். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாத்தியார் முழிக்கலாமா? வாய் தானாகச் சொல்லிற்று:

குன்றம் நனைந்தது, குளிர்மழை நின்றது;
நின்றவள் கண்மட்டும் நின்றிலதே.

"யாரு சார் பாடுனது?" என்றான். கீழிருந்து ஏலக்காய் வாசம் வந்துகொண்டிருந்தது. ஏலக்குன்றனார் என்றேன். அவன் அதைத் தேர்வில் எழுதினான், பச்சைக் கோடு போட்டான், எங்கள் டுடோரியலிலேயே அதிக மார்க் வாங்கினான். என் இடத்தில் நீங்கள் இருந்தால் நிறுத்தியிருப்பீர்களா?

அதன் பிறகு ஏலக்குன்றனார் வீரம் பாடினார், விருந்தோம்பல் பாடினார், நிலையாமையும் பாடினார். குரங்கணி அடிவாரத்தில் பிறந்தார். மன்னன் ஒருவனோடு மனஸ்தாபம் கொண்டு மலையேறினார். அவர் காலம் எது என்பதில் அறிஞர்களுக்குள் இரண்டு கட்சி. இரண்டு கட்சியும் நான்தான். வகுப்பில் அதற்காகக் கண்டக்டரும் குமாஸ்தாவும் கைகலக்கப் பார்த்தார்கள், நான்தான் விலக்கிவிட்டேன். நாடகத் தாளுக்காக அவர் ஒரு நாடகமும் எழுதினார். கரையான் தின்றது போக ஒரே ஒரு காட்சி மிஞ்சியது. கரையானுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்தக் காட்சியை வகுப்பில் படிக்கும்போது நாயகி பேச்சைப் பேசுகிறவள் முத்துப்பேச்சி. போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் காய் எடுக்கிற பெண். ஞாயிறு காலை ஜீப்பில் நசுங்கிக்கொண்டு இறங்கி வருவாள். அவள் பேச ஆரம்பித்தால் கீழே கடையில் எடை போடுகிறவன் கை நின்றுவிடும். அவளுக்குச் செய்யுள் தாள் ஒன்றுதான் பாக்கி. தேறிவிட்டால் ஜூனில் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை, வாயால் சொல்லி வைத்திருந்தார்கள். "பாஸாயிட்டா இந்த அட்டைக்கடியில இருந்து தப்பிச்சிருவேன் சார்" என்பாள். நானும் ரொம்ப ஆசைப்பட்டேன், நிஜமாகவே.

ஒரு ஞாயிறு அவள் கேட்டாள், "சார், எந்தக் கேள்வி கேட்டாலும் அதுக்குத் தோதா இவருகிட்ட ஒரு பாட்டு இருக்கே. பரீட்சைக்குன்னே பொறந்தாரா இவரு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "சோலியப் பாரு ஆத்தா" என்றேன். எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எண்பத்துமூன்று ஏப்ரலில் கேள்வித்தாள் வந்தது. முதல் கேள்வி, கட்டாயக் கேள்வி: ஏலக்குன்றனாரின் மழைப் பாடல்களில் காணும் நயங்களை விளக்குக. மொக்கச்சாமி அதற்குள் எம்.ஏ. முடித்து வேறொரு ஊரில் கல்லூரி வாத்தியாராகிவிட்டான். கேள்வித்தாள் எடுக்கிற வேலையும் திருத்துகிற வேலையும் அவனுக்கு வந்திருந்தது. நான் டுடோரியல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கிவிட்டது ஐயா. ஒரு மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

மே மாதம் மொக்கச்சாமி ஒரு விடைத்தாளோடு என் வீட்டுக்கு வந்தான். முகமெல்லாம் வேர்வை.

"ஒரு பேப்பர் ஏடாகூடமா இருக்கு சார். இப்படி ஒரு புலவரே இல்லைன்னு அஞ்சாறு பக்கம் எழுதியிருக்கு. மத்த கேள்வியெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கு, ஆனா முடிக்க நேரம் பத்தல போல. இதுக்கு அஞ்சு மார்க்குப் போட்டா பாஸு. போட்டுறவா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு இருந்தாருல்ல சார்?" என்றான்.

"என்னப்பா இப்படிக் கேட்டுட்ட" என்றேன். அப்பிராணி அவன். அவனை விட்டுவிடுங்கள்.

தாளை வாங்கினேன். எண்தான் இருந்தது, பெயர் இல்லை. ஆனால் முத்துப்பேச்சி கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் முழங்கைக்கு இடம் விட்ட மாதிரி ஒடுங்கிய எழுத்து. முழுக்கப் படித்தேன். அந்த ஐந்து மார்க் அவளுக்கு என்ன என்பது தெரிந்துதான் படித்தேன். படித்துவிட்டு, "வேண்டாம்ப்பா, முட்டை போடு" என்றேன்.

முடிவு வந்ததும் வந்தாள். "எங்க சார் தப்புப் பண்ணேன்?" என்றாள். இதே கடையில் டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தேற்றினேன். பள்ளிக்கூடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அவள் இப்போதும் காய்தான் எடுக்கிறாள். பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டிருக்கிறாள் போல, அதனால்தான் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்து செய்தேன் என்று எழுதாதீர்கள், அது பொய். அவர் இல்லை என்று அவள் நிரூபித்த பக்கங்களைப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் வகுப்பில் இப்படி ஒரு மூளையா என்று நினைத்தேன். எட்டு மார்க் போடச் சொல்லலாம் என்றுகூட இருந்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பும் வரைக்கும்.

அதில் எழுதியிருந்தாள்: 'கை ஓடாத இடத்திலெல்லாம் இவர் மழை பெய்ய வைக்கிறார். மழையை எடுத்துவிட்டால் இவரிடம் பாட்டே இல்லை.'

நீங்களே யோசியுங்கள். கவிதையை மதிக்கத் தெரியாத ஒருத்தி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பாள்? இலக்கியத்தை உத்தேசித்துத்தான் செய்தேன். சொந்த விரோதம் துளியும் கிடையாது.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ரயிலுக்கு நேரமிருக்கிறது, உட்காருங்கள். நீங்களும் தமிழ் படித்தவர். குன்றம் நனைந்தது, குளிர்மழை நின்றது. நின்றவள் கண்மட்டும் நின்றிலதே. மனதில் பட்டதைச் சொல்லுங்கள் ஐயா, மழை அதிகமாகவா இருக்கிறது?