பாகு ஆறின பிறகு

— ப்யூஸ் கட்டையை மாட்டி சுவிட்சைப் போட்டுட்டியாக்கா? போன வேகத்துல திரும்பிட்டே. அதுக்குள்ள சத்தமும் வருதே.

— உனக்கும் கேக்குதா தம்பி?

— கேக்காம? சுவருக்கு அந்தப் பக்கம் பம்பு, இந்தப் பக்கம் நாம. டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி இருக்கு.

— உங்க மாமா போன அன்னைக்கும் இதே சத்தம்தான். பேக்கிங் பக்கம் வேலையில இருந்த எங்களுக்கே கேட்டுச்சு. அப்புறம் பம்போட சீல் பிச்சுக்கிட்டு, கொதிக்கிற பாகு மொத்தமும் அவர் மேல.

— அழாதக்கா.

— அழலை. நாளைக்கு விசாரணையில என்ன சொல்லப் போறே? அதைச் சொல்லு.

— மெக்கானிக்கா கேட்டா என்னத்தைச் சொல்றது? பாகுல சூடு மீறினா பம்போட வாயிலயே கொதிச்சுக் குமிழி கட்டும். உள்ள போய் நொறுங்கும். அதுதான் இந்தக் கல்லு சத்தம். அந்த அதிர்வுலதான் சீலும் பிச்சுக்கும். மாமா சூட்டை ஏத்திட்டார்னு சூப்பர்வைசர் சொல்றதும் அதோட ஒத்துப்போகுது.

— கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு சூடு பாக்கிற மனுஷன்டா அவர்.

— எனக்குத் தெரியாதா? ஆனா சத்தம் பொய் சொல்லாதுக்கா.

— அப்ப இந்தப் பக்கமிருந்து பம்புக்குப் பாகு போற குழாயைத் தொட்டுப் பாரு.

— என்னக்கா, ஜில்லுனு இருக்கு?

— அன்னையிலிருந்து ஹீட்டரே போடலை.

— அப்ப கணக்கு இடிக்குதே. ஆறின பாகு கெட்டி. பம்பு திணறும், மோட்டார் முக்கும், பாகு கொஞ்சமாத்தான் ஏறும். கொதிக்க வழியே இல்ல... இரு. பம்புக்கு வர்ற வழி அடைச்சிருந்தாலும் இப்படிக் கத்தும், பசியில வயிறு இழுக்கிற மாதிரி. இந்த வால்வு முக்கால்வாசி மூடிக் கிடக்கே, யாரு மூடினது?

— அன்னைக்கு இங்க நின்னது சூப்பர்வைசர். பாகு அதிகமா வருது, குறைன்னு கத்திக்கிட்டிருந்தார். அதுக்கப்புறம் யாரும் கை வைக்கலை.

— படுபாவி. குறைக்கணும்னா பம்பைத் தாண்டிப் போற பக்கம்தானே குறைக்கணும்? 'வர்ற வாயைக் கட்டாதே, போற வாயைக் கட்டு'ன்னு மாமா வாய் ஓயாம சொல்வாரே.

— திறந்து பாரேன்.

— இறுகிப் போச்சு. ம்... வந்துடுச்சு.

— சத்தம் நின்னுடுச்சு தம்பி.

— ஆமா. அடங்கிடுச்சு.

— அப்ப சூடு காரணம் இல்ல.

— இல்லக்கா. மாமா மேல ஒரு தப்பும் இல்ல. நாளைக்கு எல்லாரையும் இங்கயே கூட்டிட்டு வந்து ஓட்டிக் காட்டுறேன். நீ போய் மோட்டாரை நிறுத்திட்டு வா, கிளம்பலாம்.

— எதை நிறுத்தறது? நான் பாதி வழி போறதுக்குள்ளயே சத்தம் வந்துடுச்சுடா. பயந்து திரும்பிட்டேன். ப்யூஸ் கட்டை இன்னும் என் கையிலதான் இருக்கு.