வெள்ளைக் குடை

இல்ல இல்ல, குடையை மடக்காதீங்க. அது பாட்டுக்கு நிக்கட்டும். நீங்களும் எழுந்திருக்க வேண்டாம். நான் ஒண்ணும் இந்தப் பாறைக்குச் சொந்தக்காரன் இல்ல. இந்த ஊர்ல பாறைக்கெல்லாம் யாரும் வேலி போடறதில்ல. யார் வேணா வரலாம், உட்காரலாம், கெடுக்கலாம். நான் இப்படிப் பின்னால சரிவுல குந்திக்கறேன். இல்லங்க, காத்துக்காக இல்ல. எனக்கு இதுதான் வசதி. நீங்க வரைங்க.

டொராண்டோவா? நெனைச்சேன். அந்த பூட்ஸைப் பார்த்தாலே தெரியுது. இந்தச் சேத்துல ஒரு தடவை கால வெச்சா அந்த மாதிரி பூட்ஸ் திரும்ப வராது, உங்க கால் மட்டும்தான் வரும்.

நாலு நாளா பார்த்துட்டு இருக்கேன். மீன் ஷெட்டுக்குப் பக்கத்துல ஒரு பழைய வண்டி நிக்குதே, அதுல இருந்து. ஆமா, அது நான்தான். வேவு பார்க்கறேன்னு வெச்சுக்கங்களேன். உங்ககிட்ட வேவு பார்க்க என்ன இருக்குன்னுதான் தெரியல.

கொஞ்சம் நகருங்க, படத்தைப் பார்க்கறேன். ம். பரவால்ல, ஊர்ல இருக்கறவங்க யாராவது பார்த்தா ஒரு வாரத்துக்குச் சிரிப்பாங்க. என்னவா? இந்தத் தண்ணியை எப்ப போட்டீங்க? காலைல வந்த உடனே. அப்ப கரை முட்டத் தண்ணி. இந்தப் படகை எப்ப போட்டீங்க? இப்ப. இப்ப தண்ணி வத்திப்போயி படகு சேத்துல சாஞ்சு படுத்திருக்கு. அதனால உங்க படத்துல தண்ணி நெறைய இருக்கு, படகு மட்டும் குடிச்சவன் மாதிரி சாஞ்சு கெடக்கு. எந்த மீனவன் இப்படி ஒரு படகைப் பார்த்திருக்கான்? முழுகற படகுன்னு ஆள் அனுப்புவான்.

வெளிச்சம் போற பக்கமெல்லாம் உங்க பிரஷ்ஷும் ஓடுது. அதான் தப்பு. வந்ததும் மொதல்ல நிழலைப் பிடிங்க. ஒரு தடவை பிடிச்சுட்டா அப்பறம் நிஜ நிழல் எங்க போனாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. தண்ணியும் அப்படித்தான். இங்க கடல் ஆறு மணி நேரத்துல காணாமப் போயிடும். அதுகூட ஓடி ஜெயிக்க முடியுமா?

என்ன சொன்னீங்க? இந்த இடத்து வெளிச்சம் உங்களுக்குள்ள போயி ஏதோ பண்ணுதா? நல்லா இருங்க. எனக்குக் கொசுதான் கடிக்குது.

சரி, இது என்ன ஊதா? இங்க, படகுக்குக் கீழ. நிழல்னா ஊதான்னு எந்த வகுப்புல சொன்னாங்க? சிவப்புச் சேறுங்க இது. நல்லா உத்துப் பாருங்க. சேத்து நிழல்ல ஒரு பச்சை ஓடும். பழைய செம்புப் பாத்திரத்து ஓரத்துல இருக்குமே, அப்படி ஒரு பச்சை. இருக்கா இல்லையா? தெரியலையா? சரி, தெரியாட்டியும் போட்டுத்தான் ஆகணும்.

கோவம் எல்லாம் இல்ல. என் குரலே இப்படித்தான்.

நானா? உங்க காலுக்குக் கீழ பாருங்க. பாறைல காஞ்சுபோன கறை தெரியுதா, காவி, பச்சை, வெள்ளை. எல்லாம் நான் கொட்டினது. எனக்கு இடது கைப் பழக்கம், அதான் எல்லாம் அந்தப் பக்கமாவே கொட்டியிருக்கு. இந்தக் குடையும் என்கிட்ட இதே மாதிரி ஒண்ணு இருக்கு. இதே வெள்ளை. கேட்லாக்ல பார்த்து வாங்கியிருப்பீங்க, நானும் அப்படித்தான் வாங்கினேன். இப்ப வீட்டு ஷெட்ல தொங்குது.

ஏன் விட்டேன்னா, விடல. தினமும் பெயிண்ட் பெட்டியை எடுத்துட்டுக் கெளம்பறேன். வண்டிலயே உட்கார்ந்திருக்கேன். போன பிப்ரவரிலேர்ந்து அப்படித்தான். ஒரு நாள் இங்க வந்து எல்லாத்தையும் விரிச்சும் பார்த்தேன். சேறு சேறா இருந்துது. வெளிச்சம் வந்துது, போச்சு. முன்னாடி எல்லாம் ஒரு மேகம் நகர்ந்தா எனக்கு வயித்துக்குள்ள ஏதோ நகரும். அன்னிக்கு மேகம்தான் நகர்ந்துது. வரையறது என் கண்ணுல இருந்துதா, இல்ல வேற எங்கயாவது இருந்துதான்னு யோசிச்சுட்டே வீட்டுக்குப் போயிட்டேன்.

ஏன் டியூபை எல்லாம் மூடறீங்க? உங்களை யார் போகச் சொன்னா? நல்லா இல்லன்னுதான் சொன்னேன், போங்கன்னு சொல்லல. உட்காருங்க தம்பி. உட்காருங்க. குடையை விடுங்க.

எதிர்க்கரைல பச்சைக் கூரை வீடு தெரியுதா? திரும்பிக் காட்ட வேண்டாம், சும்மா பாருங்க. மாடி ஜன்னல். அதுக்குப் பின்னால கட்டில்ல என் சம்சாரம் ஓடெட் படுத்திருக்கா. பிப்ரவரிலேர்ந்து. இல்ல, எழுந்திருக்க மாட்டா. டாக்டர் இனிமே ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுலயே இருக்கட்டும்னுட்டார். அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போறேன். வாங்கி வெச்ச சூப்பை முழுசா குடிச்சிருக்கா. பக்கத்துல இருந்த அவ தங்கச்சி வெர்னாவுக்கே ஆச்சரியம். என்னைப் பார்த்ததும் ஓடெட் சொல்றா, இன்னிக்குப் பாறைல குடை தெரிஞ்சுதே, மறுபடி ஆரம்பிச்சுட்டியான்னு. நான் என்ன சொல்ல? வாயில வந்துது, ஆமான்னுட்டேன். மறுநாளும் குடை. மறுநாளும் சூப்பு. எவனோ ஒருத்தன் குடையைப் பார்த்துட்டு என் பொண்டாட்டி சாப்பிடறா. இதுக்குக் கோவப்படறதா என்னன்னு எனக்கே புரியல. உங்களை எனக்குப் பிடிக்கலங்கறது மட்டும் புரியுது.

இது ஏமாத்து வேலைதான். ராத்திரி எல்லாம் எனக்கு நானே சொல்லிக்கறேன். காலைல எழுந்ததும் நீங்க வந்துட்டீங்களான்னுதான் மொதல்ல பார்க்கறேன்.

நேத்து கேட்டுட்டா. போட்டதைக் கொண்டு வந்து காட்டுன்னு. எப்பவும் சாயங்காலம் கட்டில் கால்மாட்டுல சாத்தி வைப்பேன். அவளுக்கு ஒரு கோடு போடத் தெரியாது. ஆனா மொதல்ல நிழலைத்தான் பார்ப்பா. ஊதாவைப் பார்த்தா அடுத்த நிமிஷம் தெரிஞ்சுடும், இது என் கை இல்லன்னு.

அதனால கத்தியை எடுங்க. அந்த ஊதாவைச் சுரண்டுங்க. தண்ணியையும் எடுத்துடுங்க, படகு சேத்துலயே கெடக்கட்டும். பச்சை நான் கலந்து தரேன், அந்தத் தட்டைக் கீழ நீட்டுங்க. பேர் போட வேண்டாம், நானும் போட மாட்டேன். எதிர்க்கரை வீட்டை வரையாம விட்டுட்டீங்களே, அது ஒண்ணுதான் சரி. நானும் என் வீட்டை வரைஞ்சதில்ல.

சரின்னு எல்லாம் சொல்ல வேண்டாம். வேலையைப் பாருங்க.

வெர்னா மருந்து குடுக்கற நேரம் இது. ஜன்னல் திரையை விலக்கிட்டாளா பாருங்க. நான் தலையைத் தூக்க முடியாது, நீங்கதான் சொல்லணும். விலகிடுச்சா? அப்ப எழுந்து நின்னு கையை ஆட்டுங்க. மெதுவா.

அந்தக் கை இல்லய்யா. இடது.