கயிறு அறுக்காத பெட்டி

தலைமை தாங்கும் மீன்சுருட்டி அமிர்தலிங்கம் ஐயா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் ஜமாஅத் பெரியவர்களே! பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு, ஃபோன் மணிக்குக் காது கொடுத்திருக்கும் லெப்பைக்குடிகாட்டுத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த அன்சாரின் ஸலாம்!

நாம் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனோம். பிறந்த மண் நமக்காகக் காத்திருந்தது. சாகோஸ் தீவு மக்களோ எங்கும் போகவில்லை. இந்துமாக்கடலின் நடுவே தேங்காய் உரித்தார்கள், மீன் பிடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால், அமெரிக்கப் படைத்தளத்துக்காக, லண்டனிலிருந்து அந்தத் தீவை ஆண்ட வெள்ளைக்கார அரசு அவர்களைக் கப்பலில் ஏற்றி அயல்கரையில் இறக்கிவிட்டது. என்ன குற்றம் செய்தார்கள்? கொலையா? கொள்ளையா? அந்த மண்ணில் பிறந்ததே குற்றமா?

அபுதாபியில் என் அறைத்தோழன் மர்செல், அப்படி மொரிஷியஸில் இறக்கிவிடப்பட்ட ஒரு தாயின் மகன். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவன். ஊருக்குக் கிளம்பும்போது நாம் பெட்டிமேல் என்ன எழுதுவோம்? அதோ, கவுஸ் பாய் முந்திக்கொண்டார்! ஆமாம் பாய், பேரும் ஊரும், ஆனை அளவு எழுத்தில்! நான் எழுதுவதைப் பார்த்து மர்செலும் தன் பெட்டியில் எழுதினான்: "சாகோஸ்."

"டேய், ஒன் டிக்கெட்டு மொரிஷியஸுக்குடா!" என்றேன்.

"எறங்குறதுதான் அங்க மாப்ள. ஊரு இது," என்றான்.

நம் வீட்டுக்குப் பெட்டி வந்தால் என்ன பாடு! அக்கம்பக்கம் கூடும், கத்தி வரும், கயிறு அறுபடும், செண்டு வாசம் தெருவையே தூக்கும்! மர்செலின் தாய் க்ளோதீன் அம்மாவோ கத்தியை வாங்கி ஒளித்துவிட்டார். "சாகோஸுன்னு போட்டிருக்குல்ல? அங்க போயித்தான் பிரிக்கணும்" என்றாராம். அந்தப் பெட்டி இன்றுவரை கட்டிலடியில் கிடக்கிறது.

சாகோஸ் மக்கள் வழக்குப் போட்டார்கள். லண்டன் நீதிமன்றம் ஒருமுறை, திரும்பலாம் என்றது. அழுதார்கள், ஆடினார்கள், மூட்டை கட்டினார்கள். பின்னால் வந்த அரச ஆணை ஒன்று அதையும் பிடுங்கிக்கொண்டது! இன்று லண்டனும் மொரிஷியஸும், தீவு யாருக்கு என்று கூடி ஒப்பந்தம் பேசுகின்றன. பேசட்டும், ஐயா, பேசட்டும்! அந்தத் தாய் எப்போது கரை இறங்குவார்? அதை யாராவது பேசினார்களா? வயதாகிவிட்ட அவரால் கோர்ட்டுப் படி ஏற முடியவில்லை. மகன்தான் இப்போது அலைகிறான்.

போன வாரம் ஃபோனில் அவர் வந்தார். அவர் பேச்சை மர்செல்தான் தமிழில் சொன்னான்.

"பெட்டிக்குள்ள இருக்குற பால் பவுடரு கட்டி தட்டிப் போயிருக்குமேம்மா," என்றேன்.

"போனாப் போவுது. கம்பளி கெடாதுல்ல? கடக்கரையில ராத்திரி குளுருமே," என்றார்.

கெடாது, தாயே! கம்பளி கெடாது!

அந்தக் கயிறு சாகோஸ் மண்ணில் அறுபட, நீங்கள் கேட்கும் துஆவில், போடும் கும்பிட்டில் அவருக்கும் ஓரிடம் கொடுங்கள். இவ்வளவு நேரம் பொறுத்திருந்து கேட்டீர்கள், நன்றி. இங்கிருந்து வீட்டுக்குப் போகும் உங்களுக்கும், வீட்டுக்குப் போக முடியாத அந்தத் தாய்க்கும் என் வணக்கம்!