ஏத்தத்துல திணறுது

ஹலோ... ஹலோ, போளூர் டயர் கடைங்களா?... நான் டாக்சி தீர்த்தகிரி பேசறேங்க. ஜமுனாமரத்தூர் தபாலாபீஸ்லேர்ந்து. பக்கத்து ஷெட்டு மெக்கானிக் சிங்காரத்த கொஞ்சம் கூப்புடுங்க... வண்டிக்கு அடியில படுத்துனு கீறாரா? கால புடிச்சி இழுங்க... ஆமாங்க, ஆமா, அவசரந்தான். ட்ரங்க் கால்ங்க இது...

அண்ணா, நான்தான். இன்னாணா வேல செஞ்சி குடுத்த நீ... நல்லாயில்ல, அதான் பேசறேன். வெள்ளிக்கெழம நீ கார்ப்பரேட்டர கழட்டி மாட்டின பாரு, அதுலேர்ந்துதான் இந்த பேஜாரு... ஆமா, அதே அம்பாசடர்தான். என்கிட்ட வேற இன்னா ஏரோப்ளேனா கீது?

ஸ்டார்ட் ஆவுது... நின்ன எடத்துல நல்லாதான் ஓடுது. ஒரு மைலு, ரெண்டு மைலு ஒழுங்காத்தான் வருது. அப்புறம் ஏத்தத்துல இழுவ கொறையுது. ஆக்சிலேட்டர மிதிச்சா யோசிக்குது, திக்குது, குலுக்குது, அப்பிடியே சோந்து நின்னுடுது... செகண்ட்லதான்... பர்ஸ்ட்டும் போட்டுப் பாத்துட்டேன்... இல்ல, சூடேறல. தண்ணி கீது.

ப்ளக்கு நாலும் கழட்டி தொடச்சேன்... பாயிண்ட்டுக்கு உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்... ஆமா... ஆமாணா, போட்டேன்னு சொல்றேன்ல. பழைய வண்டின்னா அப்பிடித்தான்னு மட்டும் சொல்லாத. போன மாசம் இதே ஏத்தத்துல ஆறு பேரோட ஏறின வண்டி இது.

ஷெட்டுல கொண்டாந்து வுடணுமா? நல்லா கீதே கத. இன்னிக்கி சும்மா சவாரி இல்லணா. நெல்லிவாசல் பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ண ஏத்தினு வர்றேன், பூங்கோதைன்னு. வேலூர்ல நர்ஸ் ட்ரெய்னிங்கு இன்டர்வியூ, மூணு மணிக்கு... இப்பவே பத்தரை. வர்ற வழியில நாலு தபா நின்னுடுச்சி, இப்ப தபாலாபீஸ் வாசல்ல நிக்குது... பஸ்ஸு வர்ல. வந்தா நான் இன்னாத்துக்கு?

இதுல இன்னொண்ணு. அவங்கப்பா ரங்கன், போவக் கூடாதுன்னு மூணு நாளா சண்ட. காலைல அவரு சாமைக் கொல்லைக்குப் போன நேரமா பாத்து, அவங்கம்மாதான் ரோடு வரைக்கும் நடத்தியாந்து ஏத்தி வுட்டுது. நான் இப்பிடி நின்னு நின்னு போனா, அவரு குறுக்கு வழியில நடந்தே வந்து புடிச்சிடுவாரு... அடிப்பாரோ இன்னாவோ, எனக்கு இன்னா தெரியும்?

போஸ்ட்மாஸ்டர் சார், காலுக்கு இன்னொரு மூணு நிமிஷம் சேத்துக்குங்க சார்...

ஆங், சொல்லு... நின்னா எவ்ளோ நேரமா? பத்து நிமிஷம். சும்மா வுட்டா தானா உயிர் வந்து, மறுபடி ரெண்டு மைலு ஓடுது... டேங்க் மூடியா? நான் இழுவையப் பத்தி கேட்டா நீ மூடியப் பத்தி கேக்கற... சரி, சரி. கத்தாத.

பாப்பா, பூங்கோத, பின்னால பெட்ரோல் டேங்க் மூடியத் தொறம்மா... இழுத்துப் புடிக்குதா? நல்லா திருகு...

அண்ணா. இங்க வரைக்கும் கேக்குது. உஸ்ஸுன்னு காத்த உள்ள உறிஞ்சுது.

...

மூடில ஓட்டையா... ஊசி மொன மாதிரியா... பெட்ரோல் எறங்க எறங்க அது வழியா காத்து உள்ள போவணுமா... அத்த அடைச்சா பம்பு எப்பிடி இழுக்கும்... ம்...

நான்தாணா அடைச்சேன். வளைவுல பெட்ரோல் நாத்தம் அடிக்குதுன்னு சவாரிக்கு வந்தவங்க வாந்தி எடுத்தாங்க. பார் சோப்ப பெசஞ்சி மூடி மேல அப்பி வுட்டேன்... சனிக்கெழம. ஆமா, நீ வேல செஞ்ச மறுநாளு... ஆமா... ஆமா... முட்டாள்தான், சொல்லு. டீக்கடையில உன் பேரத்தான் நாறடிச்சினு இருந்தேன். மன்னிச்சிக்கோ.

சொரண்டிட்டு ஊக்கால குத்தினா போதுமா?... பாப்பா, ஊக்கு கீதா?... அந்த ஓட்டையத் தொறந்து வுடும்மா... கீதாம்ணா, குத்துது.

ஆனா செல்ப் எடுக்காது. காலைலேர்ந்து அடிச்சி அடிச்சி பாட்டரி எறங்கிப் போச்சி... முன்னால வுட்டு சுத்தற ஹேண்டிலு வூட்ல கீது. திட்டு, அதுக்கும் சேத்துத் திட்டு... தள்ளத்தான் வேணும். யாரு கீறாங்க இங்க? போஸ்ட்மாஸ்டர் சாருக்கு மூட்டு வலி, அந்தப் பொண்ணு ஒண்டியா...

அண்ணா, இரு.

வந்துட்டாரு. ரங்கன்... கொல்லையிலேர்ந்து அப்பிடியே வந்துகீறாரு, முட்டி வரைக்கும் மண்ணு... பொண்ணு கதவப் புடிச்சினு நிக்குது. நகரல... இல்ல, கை ஓங்கல. இன்னாவோ கேக்கறாரு... இன்டர்வியூ எத்தினி மணிக்குன்னு கேக்கறாரு. மூணுன்னுது... வண்டிக்கு இன்னான்னு கேக்கறாரு...

துண்ட இடுப்புல கட்டிகினாருணா. பின்னால போறாரு...

தள்றாருணா. உள்ள ஸ்டியரிங் புடிக்க ஆளில்ல, அவரு பாட்டுக்குத் தள்றாரு. வச்சிடறேன்.