கழுவாத பீக்கர்

கருப்பட்டிக் காப்பி போடுவதில் எனக்கு நல்ல கைப்பக்குவம் உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. திருவனந்தபுரத்திலிருந்து வந்த உங்களுக்குத் தெரியாது, கோட்டாற்றில் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அது எதற்கு என்பீர்கள். எங்கள் துறைத்தலைவர் டைட்டஸ் சாருக்கு நாலு மணிக்குக் காப்பி வேண்டும். அதுவும் லேபில், ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, பீக்கரில். சீமையில் புரபசர்மார் அப்படித்தான் குடிப்பார்களாம். என்ன எழவோ.

விஷ உப்புகள் புழங்குகிற இடம். அதனால் அவருடைய பீக்கரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசிக் கொடுப்பேன். அது என் வேலையில்லை. ஆனாலும் செய்தேன். அவருக்கு முன்பிருந்த மரியஜான் சார், "நல்லா செய்திருக்கீருவே" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு லேபுக்கு ஓடியவன் நான். டைட்டஸ் சார் வாயில் அது வராது. பழகிய கை, வேலை செய்துகொண்டிருந்தது.

பங்குனியில் என் மனைவி ராகேலுக்குப் பிரசவ வேதனை. அடுத்த வீட்டு மரியான் லேபுக்கே ஓடி வந்தான்.

"வே செல்வதாசு, அவளுக்குத் தாங்கலவே. சட்டுன்னு வாரும்."

டைட்டஸ் சார் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீராவே பெறப்போறீரு? பிராக்டிக்கல முடிச்சிட்டுப் போவும். இப்பப் போனா நாளைக்கு வரண்டாம்."

நின்றேன். முடித்துவிட்டுப் போனபோது தாயையும் பிள்ளையையும் ஒரே பாயில் கிடத்தியிருந்தார்கள்.

அதையும் பொறுத்தேன். அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, காலை ஜெபத்தில், அத்தனை மாணவர்களுக்கும் முன்னால் என் தோளில் கைபோட்டார் அந்த மனுஷன்.

"மனைவி மரணத்தோடு போராடும்போதும் வகுப்பை விடாதவர் இவர். பற்று என்றால் இது. மற்ற ஆசிரியர்கள் பார்த்துப் படியுங்கள்."

அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. எல்லாரும் கைதட்டினார்கள்.

அன்று நாலு மணிக்கு நான் பீக்கரைக் கழுவவில்லை. அவ்வளவுதான். என் வேலையில்லாத வேலையை விட்டேன். கழுவாதது எந்தச் சட்டத்தில் குற்றம்? ரசித்துத்தான் குடித்தார். விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவருடைய பீக்கர் கழுவிக் கவிழ்த்தபடி ஜன்னலோரம் இருந்ததே, வேறொன்றை ஏன் எடுத்தாய் என்கிறீர்கள். கைக்கு எட்டியதை எடுத்தேன், ஐயா. விஷ உப்பு கரைத்த பீக்கர்களை வைக்கிற மேல்தட்டில் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுத்தேன்.