மூன்று தொப்பிகளும் ஒரு ஸ்வெட்டர் கையும்

மூணாறிலிருந்து எஸ்டேட்டுக்குப் போகும் ஜீப்பில் என் எதிரே இரண்டு பெண்கள். இளையவள் மடியில் நீல ஸ்வெட்டர்.

"எங்க வீட்டுக்காரரோட எடது கைய மூணு பிள்ளைக தலையில மாட்டிக்கிட்டுத் திரியுதுக, மதினி."

"என்னடி சொல்லுத?"

"ஒரு கை பின்னி முடிச்ச சந்தோசத்துல, மிச்ச நூல, பிள்ளைகளப் பாத்துக்கிடுத எஸ்டேட் கிரெச்சுக்குக் குடுத்துட்டேன். இன்னொரு கை பாக்கி இருக்குங்கதே மறந்துபோச்சு. ஆயா அதுல தொப்பி பின்னிட்டா."

"திருப்பிக் கேக்கலாம்லா?"

"கேக்கத்தான் போனேன். மூணும் தொப்பியோட தூங்குதுக. எப்படிக் கேக்க?"

"பாவம், அவரு காலைப் பனியில நின்னு தேயிலக் கொழுந்து நிறுக்கணுமே. என்ன சொன்னாரு?"

"ஒத்தக் கையோட போட்டா லயத்து வீடு பூரா சிரிக்கும், அந்தக் கையையும் பிரிச்சிருன்னாரு."

அதுவரை அவள் பின்னுகிறாள் என்றே நினைத்திருந்தேன். பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிரிச்சு என்ன செய்யப்போற?"

"கிரெச்சுல நாலாவது பிள்ளைக்குத் தொப்பி இல்லல்லா."