பொன்னழகு சோற்றில் நான் போட்ட உப்பு

பெயர் கண்ணுசாமி, வயது 74, தகப்பனார் பெயர் பெருமாள், தொழில் விவசாயம், கன்னிவாடி அருகே தோட்டத்து வீடு, திண்டுக்கல் மாவட்டம். யாரும் கூப்பிடாமல் நானாக இன்று காலை நிலையத்துக்கு வந்து, தலைமைக் காவலர் பானுப்ரியா எழுத, சொல்லுவது என்னவென்றால்:

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி பொன்னழகு, வயது 69, மருமகள் கீர்த்தனா ஆகியோருடன் குடியிருந்து வந்தேன். மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், மாதம் ஒருதடவை வருவான். நான்கு நாட்களுக்கு முன் என் மனைவி இறந்துபோனாள். சாப்பாட்டில் எதையோ கலந்து மருமகள் கொன்றுவிட்டதாக என் மச்சினன் சிவபிரகாஷ் புகார் எழுதிக் கொடுத்து, நேற்றுப் பகல் முழுக்க அவளை இங்கே உட்கார வைத்து விசாரித்தீர்கள். கலந்தது உண்மை. கலந்தவன் நான்.

என் மனைவிக்கு மூன்று வருசமாக இருதயம் பலவீனம், கால் வீங்கும், மூச்சு வாங்கும். கடந்த தை மாதம் டாக்டர் ரீனா பார்த்துவிட்டு, கிட்னியும் கொஞ்சம் அடிவாங்கியிருக்கிறது, உப்பை நன்றாகக் குறைக்க வேண்டும், தன்னைக் கேட்காமல் வேறு எதையும் கொடுக்கக் கூடாது என்று எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். அன்று முதல் மருமகள் அவளுக்குத் தனிச்சட்டியில் சமைத்தாள். சோறும் வெஞ்சனமும் வாயில் வைக்க விளங்காது, அது நெசம். என் மனைவி தட்டைத் தள்ளிவிட்டு, "ஒரு கல்லு உப்புக் கூடப் போட்டா ஒஞ் சொத்தா அழிஞ்சுபோகும்?" என்று பேசாத பேச்செல்லாம் பேசுவாள். அந்தப் பிள்ளை தட்டை எடுத்துப்போய், சூடு பண்ணித் திரும்பக் கொண்டுவரும். பதினைந்து நாளில் என் மனைவி பாதியாக இளைத்துவிட்டாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

அதன் பிறகு மாசி மாதம் உரம் வாங்கத் திண்டுக்கல் போன நான், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சத்துமாவு, சத்து மாத்திரை விற்கிற ஒரு கடையில் விசாரித்தபோது, இருதயக்காரர்களுக்கென்றே ஒரு உப்பு இருக்கிறது, சோடியம் கம்மி, பிரஷருக்கு நல்லது என்று சொல்லி ஒரு சின்ன பாக்கெட் கொடுத்தார்கள். கிட்னி எப்படி என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இது பொட்டாசியம் உப்பு, கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்று பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பதை இன்று எழுதுகிற இந்தம்மா வாசித்துக் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் கண்ணாடி என் சட்டைப்பையில்தான் இருந்தது, எடுத்துப் போடவில்லை. மருமகளிடம் சொன்னால் டாக்டருக்குப் போன் போடுவாள், அவர் வேண்டாமென்பார் என்று அவளிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு தினமும் இருவேளை, மருமகள் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனதும், நான் திரும்பி உட்கார்ந்து அதில் இந்த உப்பைத் தூவி, ரசம் விட்டுப் பிசைந்து கொடுத்தேன். லேசாகக் கசக்குது என்பாள், ஆனாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். முதலில் ஒரு சிட்டிகை, போகப் போக அரை ஸ்பூன். பத்தொன்பது நாள் கொடுத்தேன். கடைசியில் கால் மரத்துப்போகுது, எந்திரிக்க ஏலல என்றாள். சாப்பாடு பத்தாத கிறக்கம் என்று நினைத்து, மோரிலும் கலந்தேன்.

சம்பவத்தன்று காலை எட்டு மணிக்கு வாசலுக்கு நடந்து வந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கிடக்கிறது, துடிப்பு தப்புகிறது, உப்புக்குப் பதில் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்று மருமகள் அழுதுகொண்டு சொன்னாள். பாக்கெட் என் மடியில் இருந்தது. பயத்தில் அதை வெளியே எடுக்கவில்லை. பதினொன்றே கால் மணிக்கு உயிர் போய்விட்டது.

அதன் பிறகு இழவு வீட்டில் மச்சினன் எல்லார் முன்னாலும் மருமகளை வைதபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று சாயங்காலம் இங்கிருந்து திரும்பி வந்த பிள்ளை, முகத்தைக் கழுவிவிட்டு எனக்குச் சோறாக்கி வைத்து, "சாப்பிடுங்க மாமா" என்றது. ஒரு வாய் இறங்கவில்லை. அதனால்தான் வந்தேன். மீதி உப்பைப் பாக்கெட்டோடு ஒப்படைத்துவிட்டேன்.

அளவை ஏன் கூட்டினீர்கள் என்று எழுதுகிற அம்மா கேட்டதற்குச் சொல்கிறேன். நான் உப்புப் போடுவது என் மனைவிக்குத் தெரியாது. "அவ ஆக்குறது ஒரு சோறா, நீங்க பெசஞ்சு குடுத்தாத்தாங்க சோறு எறங்குது" என்பாள். ஐம்பத்தோரு வருசத்தில் அவள் என்னை மெச்சிச் சொன்னது இந்தப் பத்தொன்பது நாளும்தான். அதைக் கேட்கிற ஆசையில்தான் கூட்டினேன். சாகிறவரைக்கும் மருமகளைக் குறை சொல்லிக்கொண்டேதான் போனாள். அவளை உயிரோடு வைத்திருந்தது அந்தப் பிள்ளை ஆக்கிய சோறுதான். என் மனைவியிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ பேசவில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) பெ. கண்ணுசாமி